ஆயாவின் ஆறும் எட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரிக்காரன், ஐ.டி. வேலை. என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இந்தோசீனாவில் இருந்தவர். 1950களின் நடுவில் ஊர் திரும்பியபோது, சைகோனில் கல்யாணம் செய்துகொண்ட எங்கள் ஆயாவையும் கூட்டிவந்தார். ஆயா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. வீட்டில் விசேஷம் என்றால் இன்றைக்கும் நெம் என்கிற வியட்நாமியப் பொரித்த சுருள் உண்டு, மொழிதான் இல்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் கொஞ்சம் புரியும், ஆனால் பேச மாட்டார்கள். என் வேரான கல்ச்சரோடு கனெக்ட் ஆக வேண்டும் என்று ஒரு ஆப்பில் வருடக் கட்டணம் கட்டி ஆறு மாதமாக வியட்நாமிய மொழி படிக்கிறேன். ரோமன் எழுத்து என்பதால் பாதி வேலை மிச்சம். ஆனால் தொனிகள் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை, குரல் ஏறி இறங்குவது மாறினால் சொல்லின் அர்த்தமே மாறிவிடுகிறது. தொனியைக் காட்ட எழுத்தின் மேலும் கீழும் போடுகிற அந்தக் குறிகளை மனப்பாடம் செய்ய ஏதாவது சுலப வழி இருக்கிறதா? ஹனோய் உச்சரிப்பைப் படிப்பதா, சைகோன் உச்சரிப்பையா? தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்கிற வியட்நாம் கம்பெனியின் கார் ஆலை வந்துவிட்டதே, மொழி தெரிந்தால் வேலை கிடைக்குமா? நீங்கள் அங்கே சில காலம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

பின்குறிப்பு: சின்ன வயதில் ஆயா என்னைத் தூங்க வைக்க "அவ் ஒ, அவ் ஒ" என்று எதையோ இழுத்துக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தைகூட நினைவில்லை என்பதால் அது உதவாது என்று நினைக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வின்ஃபாஸ்ட் பற்றி எனக்குத் தெரியாது, தூத்துக்குடியிலேயே விசாரியுங்கள். ஹனோயா சைகோனா என்பதில் கேள்வியே இல்லை. ஆயா சைகோன், பேரன் எதற்காக ஹனோய்க்காரர் மாதிரிப் பேச வேண்டும்? தலைநகரத்து உச்சரிப்புதான் சுத்தம் என்று எந்த ஊரிலும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிவார்கள், அவர்களை விடுங்கள். வடக்கே ஆங்கில z மாதிரி கேட்கிற பல இடங்களில் தெற்கே 'ய' என்று கேட்கும். வடக்கில் தொனிகள் ஆறு, தெற்கில் இரண்டு கலந்துபோய் ஐந்துதான். உங்கள் ஆப்பில் வருகிற பெண் குரல் பெரும்பாலும் ஹனோய்க் குரலாகத்தான் இருக்கும். அப்படியானால் ஆறு மாதமாக நீங்கள் உங்கள் ஆயா பேசாத பேச்சைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது அந்தப் பின்குறிப்புக்கு வருகிறேன். தம்பி, உங்கள் கடிதத்தில் பதில் எழுத வைத்தது அது ஒன்றுதான். "கல்ச்சரோடு கனெக்ட்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன வைஃபையா? உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கடைசி வரியில், உதவாது என்று சொல்லித் தள்ளிவிட்டு, இல்லாததற்குக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். அந்த "அவ் ஒ" தென் வியட்நாமில் தாலாட்டு தொடங்குகிற விதம். மெக்கோங் ஆற்றுப் பக்கம் போனால் கித்தான் தூளியில் குழந்தையைப் போட்டுக் காலாலேயே உந்திக்கொண்டு பாட்டிமார் அப்படித்தான் எடுப்பார்கள். அதற்குப் பின்னால் வருவது கண்டபடி இழுப்பது அல்ல, அநேகமாக ஒரு கட்டான செய்யுள்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் சென்ற வாரம் முழுக்க ஒரு நண்பரோடு இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உங்கள் கட்சி. சீன எழுத்தையும் அதை வைத்து உருவாக்கிய நோம் எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ரோமன் எழுத்துக்கு மாறினார்கள், அதனால்தான் அந்த மொழி எல்லோருக்கும் எட்டியது என்பது அவர் வாதம். பாதி உண்மை. ஹோ சி மின் சுதந்திரத்தை அறிவித்தது 1945 செப்டம்பர் 2. அடுத்த வாரமே, செப்டம்பர் 8 அன்று, எல்லோருக்கும் எழுத்தறிவு என்று ஆணை போட்டுவிட்டார்கள். ராத்திரி விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு குடியானவர்கள் படித்தார்கள். நோம் எழுத்தாக இருந்தால் அத்தனை வேகம் வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எழுத்துகளை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? பாட்டாகக் கட்டி. ஓ என்கிற எழுத்து கோழி முட்டை மாதிரி உருண்டை, அதற்குத் தொப்பி போட்டால் ஒன்று, தாடி வைத்தால் இன்னொன்று என்று ஆறு அசை, எட்டு அசைச் செய்யுள். வயல்காட்டு ஜனங்களுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தச் செய்யுளின் கட்டு பிறந்ததிலிருந்து காதில் இருந்தது. நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த ரோமன் எழுத்தை உருவாக்கியவர்களே காதால் கற்றவர்கள்தான். அலெக்ஸாந்த்ர் த ரோத் என்கிற ஏசு சபைப் பாதிரியார் 1624இல் அங்கே போனபோது, அந்த மக்கள், முக்கியமாகப் பெண்கள், பேசுவதைக் கேட்டால் பறவைகள் கீச்சிடுவது மாதிரி இருந்தது, இதை எங்கே கற்கப்போகிறோம் என்று நம்பிக்கையே போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அப்புறம் அவருக்குத் தொனிகளையெல்லாம் மூன்றே வாரத்தில் பிடிபட வைத்தது உள்ளூர்ச் சிறுவன் ஒருவன். அந்தப் பையனுக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவன் பாஷை தெரியாது. அவருக்கு முன்பே போர்த்துக்கீசியப் பாதிரிமார் தொடங்கிவைத்த வேலையையும் சேர்த்துத்தான் 1651இல் ரோமில் அகராதி அச்சானது. நீங்கள் மனப்பாடம் செய்யப் பார்க்கிற குறிகள் அந்தப் பையனின் வாயிலிருந்தும் அவனைப் போன்றவர்களின் வாயிலிருந்தும் எடுத்தவை. வாயை விட்டுவிட்டுக் குறியை மட்டும் பிடித்தால் என்ன வரும்?

அந்தச் செய்யுளுக்கு லுக் பாத் என்று பெயர், ஆறு-எட்டு என்று அர்த்தம். முதல் அடியில் ஆறு அசை, இரண்டாம் அடியில் எட்டு, திரும்ப ஆறு, திரும்ப எட்டு. நம் எதுகை அடியின் தொடக்கத்தில் உட்காரும், இங்கே இயைபு அடியின் வயிற்றுக்குள் உட்காருகிறது. ஆறசை அடியின் கடைசி அசை, அடுத்து வருகிற எட்டசை அடியின் ஆறாவது அசையோடு இயையும். அந்த எட்டசை அடியின் கடைசி அசை அதற்கடுத்த ஆறசை அடியின் கடைசியோடு. இப்படியே கொக்கி போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான அடிகள் போகலாம். அவர்களுடைய பெரிய காவியமான, நுயென் ஸூ எழுதிய கியெவ் கதை 3254 அடி, முழுக்க இந்தக் கட்டுதான்.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். மொழியின் தொனிகளை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறார்கள். ஏறாமல் இறங்காமல் போகிற தொனியும், தாழ்ந்து இறங்குகிற தொனியும் ஒரு கட்சி, இதைச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமெல்லாம் கோணல். அடியில் இரண்டாவது அசை சமம், நான்காவது கோணல், ஆறாவது சமம், எட்டாவது சமம். அதிலும் எட்டசை அடியில் ஆறாவதும் எட்டாவதும் சமக் கட்சியின் ஒரே தொனியாக இருக்கக்கூடாது. ஆறாவது தாழ்ந்தால் எட்டாவது மட்டமாக நிற்க வேண்டும், ஆறாவது மட்டமாக நின்றால் எட்டாவது தாழ வேண்டும். வெண்பாவுக்குத் தளை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பு புதிதாக இருக்காது. ஆனால் இங்கே கண்டிப்பு முழுக்கச் சுருதியில்.

தெற்கத்தித் தாலாட்டு ஒன்று ரொம்பப் பிரபலம். ஆணி அடித்த பலகைப் பாலம், ஆடுகிற மூங்கில் பாலம், நடக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று வரும். அதில் மூங்கில் பாலத்து அடி தாழ்ந்து பிறகு மட்டத்துக்கு வந்து முடியும். அடுத்த எட்டசை அடி மட்டத்தில் நின்று தாழ்ந்து முடியும். காலால் உந்துகிற தூளிக்கு வேறு தாளம் தேவையே இல்லை.

இப்போது உங்கள் ஆப்புக்கு வாருங்கள். அது ஒரு சொல்லைத் தனியாகப் பிய்த்துக் கொடுத்து, இது தாழ்ந்த தொனி, இது ஏறுகிற தொனி, சொல்லு என்கிறது. எதை விடத் தாழ்ந்தது? தொனி என்பது பக்கத்தில் இருக்கிற அசையை வைத்துத்தானே தெரியும்? ஆண் குரலின் ஏற்றம் பெண் குரலின் இறக்கத்தை விடக் கீழே கிடக்கும். சுருதிப் பெட்டி இல்லாமல் ஒற்றை ஸ்வரத்தைப் பாடச் சொல்லி, தப்பு தப்பு என்று மணி அடித்தால் யாருக்குத்தான் ஏறும்? (ஒரே அசையை ஆறு தொனியில் சொல்லி ஆறு அர்த்தம் காட்டுகிற வித்தையையும் கட்டாயம் காட்டியிருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்களைப் பயமுறுத்துவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.) செய்யுளில் அப்படி இல்லை. எட்டாவது அசை வரும்போது இது இறங்கும் இடமா நிற்கும் இடமா என்று அடியே சொல்லிவிடும், நாக்கு தானாகப் போகும். அதனால் சொல் சொல்லாகப் படிக்காதீர்கள், அடி அடியாகப் படியுங்கள். அர்த்தம் பிறகு வரட்டும்.

மெக்கோங் பக்கத்து நகரமான கான் தோவில் நான் மாடி வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டுக்காரரின் அம்மா பகல் முழுக்கத் தாழ்வாரத்துத் தூளியில்தான் கிடப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பேத்தி கியெவ் கதையிலிருந்து ஒரு பகுதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள், அங்கே அது பாடத்தில் உண்டு. ஓர் இடத்தில் ஒரு சொல் மறந்துபோய், அதே அர்த்தமுள்ள வேறொரு சொல்லைப் போட்டு ஓட்டிவிட்டாள். கெட்டிக்காரப் பெண், பொருள் கெடவே இல்லை. கிழவி கண்ணைத் திறக்காமல், "அங்கே இறங்கணும், நீ இறங்கலை" என்றார். பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், அச்சில் இருந்தது தாழ்கிற சொல்தான். சரியான சொல் எதுவென்று கிழவிக்கும் உடனே நினைவு வரவில்லை, எந்த உயரத்தில் விழ வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அப்புறம் இரண்டு பேரும் எனக்குப் புரியாத வேகத்தில் சண்டை போட்டார்கள்.

உங்கள் காதில் இருப்பதும் அதுதான், எஸ். ஒரு வார்த்தைகூட நினைவில்லை என்கிறீர்கள், போகட்டும். ஏற்ற இறக்கம் இருக்கிறதா இல்லையா? உங்கள் பிரச்சினையே தொனி ஏறவில்லை என்பதுதான், உங்களுக்குத் தொனியைத் தவிர வேறு எதையும் விட்டுப்போகாத ஒரு ஆயா இருந்திருக்கிறார், நீங்கள் என்னடாவென்றால் சுலப வழி கேட்கிறீர்கள்.

உங்கள் மேல் கோபமாக எழுதிக்கொண்டே வந்தவன் ஆயாவை நினைத்ததும் நின்றுவிட்டேன். இருபது வயதை ஒட்டிய பெண்ணாக வந்திருப்பார். அந்தத் தலைமுறையில் பாண்டிச்சேரி சொல்தாக்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள் பலர். பிரெஞ்சுக்காரர்களும் 1954 நவம்பரில் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள், அப்போது பார்த்து வந்தவருக்கு ஊரில் மிஞ்சிய பேச்சு தமிழ். சமையலை எப்படியாவது காப்பாற்றிவிடலாம், மீன் சாறு கிடைக்காவிட்டால் வேறு எதையாவது ஊற்றிக்கொள்ளலாம். பேச்சுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். பிள்ளைகள் தெருவில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு என்று வளர்ந்திருப்பார்கள். தாலாட்டுக்குத்தான் பதில் சொல்லுகிற ஆள் தேவையில்லை. உங்களை மடியில் போட்டுக்கொண்ட நேரத்தில் அவர் தன் பேச்சைக் கொஞ்சம் பேசிக்கொண்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று. ஆப் உங்களுக்கு 'நான்' என்பதற்குத் 'தோய்' என்று சொல்லிக்கொடுத்திருக்கும். பெரியவர்களிடம் அதைச் சொல்லி வைக்காதீர்கள், அது அந்நியருக்கான பேச்சு. ஆயா வயதுள்ளவரிடம் 'கான்' என்று, பிள்ளையாகத்தான் உங்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கே யாரிடம் பேசினாலும் முதலில் வயதைக் கேட்டு உறவு முறையை முடிவு செய்துகொள்வார்கள், நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. காலம் காட்ட வினைச்சொல் உருமாறாது என்பதற்காக இலக்கணமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அத்தை உயிரோடு இருக்கிறார், அவருக்குப் புரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் எந்த ஆப்பிலும் இல்லாத சைகோன் தாலாட்டு பக்கத்து வீதியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறது. போய், பேசுங்கள் என்று கேட்காதீர்கள், வெட்கப்படுவார், "அதெல்லாம் மறந்துபோச்சுப்பா" என்பார். ஆயா எப்படித் தூங்க வைப்பார் என்று மட்டும் கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். ஆறாவது அசை எங்கே விழுகிறது, எட்டாவது எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு நீங்களும் இழுங்கள். ஓர் அடி பிடிபட்டதும் எனக்கு அனுப்புங்கள், அந்த நண்பருக்கும் போட்டுக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஆப்பை அழிக்க வேண்டாம், வருடக் கட்டணம் கட்டிவிட்டீர்களாமே. காய்கறி பெயர்களுக்கு ஆகும்.