கனடாவைச் சாட்சிக்கு அழைக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஆறு மாதமாகக் கஞ்சா புகைக்கிறான் என்று தெரிந்து கண்டித்தேன். “அது சிவமூலிகை, கனடாவில் கடையிலேயே விற்கிறார்கள், அதைக் குடித்துச் செத்தவன் யாருமில்லை, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்” என்கிறான். வேலைக்குப் போனால் தானாகவே விட்டுவிடுவான் என்று நம்புகிறேன். நிரந்தரமான பாதிப்பு ஏதும் உண்டா?
(பெயர் வேண்டாம், சேலம்)

பதில்: உங்கள் மகன் அழைத்திருக்கும் சாட்சியையே முதலில் விசாரித்துவிடலாம். கனடா 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது உண்மை. ஆனால் அங்கே பெரும்பாலான மாகாணங்களில் 19 வயது நிரம்பாதவருக்கு அந்தக் கடையில் ஒரு கிராம்கூடக் கிடைக்காது. கியூபெக் மாகாணத்தில் 21 வயதாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவருக்குக் கஞ்சா கொடுப்பவருக்கு அதே சட்டம் 14 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. ஆகவே சேலத்தில் அவனுக்குப் பொட்டலம் விற்கும் ஆசாமி, கனடாவில் விற்றிருந்தாலும் கம்பி எண்ணத்தான் வேண்டியிருக்கும்.

வயதை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கவனம், நினைவு, பசி, உறக்கம் ஆகியவற்றைச் சீராக வைத்திருக்க நம் மூளை தானே ஆனந்தமைடு என்ற பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி., அந்த ஆனந்தமைடு உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளையின் வளர்ச்சி 25 வயதை ஒட்டித்தான் நிறைவடைகிறது என்பதால், கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரியை மாற்றிவிடுகிற காரியம் இது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள், பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் அறிவுத்திறன் அளவு 38 வயதுக்குள் குறைந்திருந்ததையும், பின்னாளில் விட்டவர்களுக்கும் அது முழுமையாக மீளவில்லை என்பதையும் 2012இல் எழுதினார்கள். குடும்பச் சூழலே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் அந்த மறுப்புக்கு வலுச் சேர்த்தன. ஆகவே அறிவு மழுங்கியே தீரும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

எனக்கு அதைவிடப் பெரிய அச்சம் மனநோய் பற்றியது. சுவீடனில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வில், ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு அதைத் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதையும், கஞ்சா மட்டும்தான் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் வீட்டிலோ உங்கள் மனைவி வீட்டிலோ யாருக்காவது அந்த நோய் இருந்திருந்தால் இந்தக் கணக்கு உங்கள் மகனுக்கு இன்னும் கடுமையாகிவிடும். அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

“செத்தவன் யாருமில்லை” என்பது ஒரு நற்சான்றிதழா? சாராயத்தைப் போல ஒரே இரவில் ஆளைக் கொல்வதில்லை என்பது மெய்தான். ஆனால் நெடுநாள் புகைத்தவர்களில் சிலர் அடிக்கடி வயிறு புரட்டி வாந்தியெடுத்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று அடங்குகிறது என்பதால் நாளுக்கு நாலைந்து முறை குளியலறைக்குள் போய் நிற்கிறார்கள். வீட்டார் அல்சர் என்று நினைத்து மருந்துக் கடைக்கும் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கும் அலைகிறார்கள். போதாததற்கு, சிகரெட்டிலிருந்து பாதிப் புகையிலையை உதிர்த்துவிட்டு, உள்ளங்கையில் கசக்கிய கஞ்சாவை மீதியோடு கலந்து அடைத்துப் புகைக்கும் பையன், கஞ்சாவோடு நிகோடினுக்கும் சேர்த்தே அடிமையாகிறான். மூலிகை என்கிறானே, புகையிலையும் செடிதான்.

“நாளைக்கே விட்டுவிடுவேன்” என்ற பேச்சைச் சோதித்துப் பார்க்கலாம். கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரும், பதின்வயதில் தொட்டவர்களில் ஆறில் ஒருவரும் அதற்கு அடிமையாகிறார்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய ஓரிரு நாளில் காரணமில்லாத எரிச்சலும், சோறு இறங்காமையும், தலையணை நனைய வியர்த்து விழிக்கும் இரவுகளும் வந்தால், அவனுக்குத் தேவை சிகிச்சை; உங்கள் கண்டிப்பு அங்கே உதவாது. வேலைக்குப் போனால் விட்டுவிடுவான் என்ற உங்கள் நம்பிக்கையோ, சம்பளம் வந்தால் பொட்டலத்துக்கு இன்னொருவரிடம் கடன் கேட்க வேண்டியதில்லை என்பதை மறந்துவிட்டது.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சித் தயங்குகிறீர்கள் என்றால், சிகிச்சைக்குப் போவதே குற்றமாகிவிடாது. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்ததாக வழக்கில் சிக்கியவர்கூட, போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு அங்கீகரித்த இடத்தில் தாமே முன்வந்து சிகிச்சையை முடித்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள். அவன் வர மறுத்தால், 14416 என்ற அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி (டெலி மானஸ்) எண்ணில் முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் பேசுங்கள். பயப்படுகிறார் என்று நீங்கள் எழுதாவிட்டாலும், அவர் உங்களைவிட முன்பே இதைக் கவனித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.