கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில்: பைக்குள் என்ன, கரியரில் என்ன?

ஓகஸ்ட் விடுமுறையில் சைக்கிளில் யாழ்ப்பாணம் போகிறோம், சாமானை எப்படிக் கொண்டுபோவது என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா, அப்புறம் ஏ9 வீதி. சுமார் 400 கிலோமீற்றர். ஐந்து தடவை போய்வந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை: அண்ணா, எவ்வளவு பாரம் கொண்டுபோகலாம்? முதுகுப்பை ஒன்று போதாதா?

போதாது தம்பி. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். சிலாபம் வருமுன்னே தோள் விட்டுப்போனது, முதுகெல்லாம் வேர்க்குரு. பாரத்தைச் சைக்கிள் சுமக்கட்டும். கரியரின் இரண்டு பக்கமும் பை போட்டு, நட்டுச் சாவி, ரியூப், சாப்பாட்டுச் சாமான் போன்ற பாரமானவற்றை அடியில், சில்லின் அச்சுக்குக் கிட்ட வையுங்கள். மேலே குவித்தால் எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் வாலாட்டும். மொத்தம் 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். குதிக்கால் பையில் இடிக்கிறதா என்று வீட்டிலேயே பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

கட்டுவதற்குப் பழைய ரியூபை வாராக வெட்டுங்கள். கயிறு குலுங்கிக் குலுங்கித் தளரும், இறப்பர் இழுத்துப் பிடிக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் விறகும் மண்ணெண்ணெய்க் கானும் இப்படித்தான் ஊர்சுற்றின. வாரின் நுனி மட்டும் தொங்கக் கூடாது. கம்பிக்குள் போனால் சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறியும். கரியர் ஆணிகளைக் காலையில் ஒருமுறை இறுக்கிவிட்டு ஏறுங்கள்.

வெள்ளவத்தை: உடுப்பு எத்தனை அண்ணா?

மிதிக்க இரண்டு, இரவுக்கு ஒன்று. சாரம் ஒன்று கட்டாயம். கிணற்றடியில் குளிக்க, உடுக்க, போர்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஜீன்ஸ் வேண்டாம் தங்கச்சி.

பம்பலப்பிட்டி: மழைக் கோட்டு?

ஓகஸ்டில் வடக்கு காய்ந்து கிடக்கும். கொழும்புப் பக்கத்துத் தூறலுக்குப் பைக்குள் ஒரு பொலித்தீன் உறை போதும். தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், ரயிலேறி வாருங்கள்.

மட்டக்குளி: தண்ணீர்?

புத்தளம்–அனுராதபுரம் பகுதிக்கு 4 லீற்றர், அதில் கரைத்துக் குடிக்க இரண்டு ஜீவனி (உப்பு-சர்க்கரைத் தூள்) பக்கற். அங்கே யானை நடமாட்டம் உண்டு. விடிந்தபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் தங்குமிடத்துக்குள் போய்விடுங்கள். விளக்கு இருக்கிறதே என்று துணிய வேண்டாம்.

கிராண்ட்பாஸ்: சின்ன முதுகுப்பை என்றால்?

சின்னதும் முதுகில்தான் இருக்கும்.

தெகிவளை: என்னுடையது 700சி ரயர். வழிக்கடைகளில் 28 இஞ்சு ரியூப் கிடைக்கும்தானே? ஏன் சுமக்க வேண்டும்?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இரண்டையும் ‘28’ என்றே சொல்வார்கள். ஊர்ச் சைக்கிளின் 28 x 1½ ரயர் 635 மில்லிமீற்றர் றிம்முக்கு, உங்களுடையது 622. அந்த ரயர் உங்கள் றிம்மில் தொளதொளவென்று கழன்றுவிடும். ரியூப் இழுபடும் சாமான், அவசரத்துக்கு உள்ளே போகும். ஆனால் மெல்லிய ரயருக்குள் மடிந்து கிடக்கும். இரண்டு ரியூபும் ஒட்டுச் சாமானும் கொண்டுபோங்கள்.

தெகிவளை: நான் அந்த ரியூபைப் போட்டு வவுனியா வரை ஓடினேனே!

ஓடியிருப்பீர்கள். உங்கள் றிம்மில் பெரிய ஓட்டை இருந்திருக்கும். மெல்லிய வால்வுக்கான றிம்மில் ஓட்டை ஆறரை மில்லிமீற்றர்தான், தடித்த ஊர் வால்வு உள்ளேயே போகாது.

வத்தளை: அவர் சொல்வது சரி, நானும் ஓடியிருக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் ஒரு சோதனை. வால்வு ஓட்டைக்குள் சாதாரணப் பென்சிலை விட்டுப் பாருங்கள். போனால் ஊர் ரியூப் சரிவரும், போகாவிட்டால் வராது.

நுகேகொடை: அண்ணா, முதுகுப்பை...

மேலே பாருங்கள்.

தெகிவளை: பென்சில் போகிறது.

சரி. வத்தளை?

வத்தளை: இறுகிவிட்டது, எடுக்க முடியவில்லை.