ஸ்ட்ரீமிங் பெட்டி வந்தால் கேம் கன்சோல் காலியா?

கேள்வி: அண்ணா, டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் பெட்டியிலேயே கேம் வருகிறது. இனி யார் காசு போட்டு பிளேஸ்டேஷன் வாங்குவார்கள்?

பதில்: 2014 ஏப்ரலில் அமேசானின் ஸ்ட்ரீமிங் பெட்டியான ஃபயர் டிவி 99 டாலருக்கு வந்தபோதும் இந்தப் பேச்சு கிளம்பியது, தம்பி. கேம் கன்ட்ரோலரை 40 டாலருக்குத் தனியாக விற்றார்கள். அந்தத் 'தனியாக'வில்தான் விஷயம் இருக்கிறது. பெட்டி வாங்கிய எல்லோரிடமும் இருப்பது ரிமோட் மட்டும். கேம் எழுதுபவர் அதை நம்பித்தானே எழுத முடியும்? 2015-ல் ஆப்பிள், தன் டிவி பெட்டிக்கு வரும் எந்த கேமையும் ரிமோட்டிலேயே ஆட முடிய வேண்டும் என்று விதி போட்டது. அடுத்த வருடமே தளர்த்த வேண்டியதாயிற்று. பிஎஸ்4, அதாவது பிளேஸ்டேஷன் 4 பெட்டியைப் பிரித்தால் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கும். அது 11 கோடிக்கு மேல் விற்றது.

கேள்வி: ரிமோட்டில் ஆடினால் என்ன குறை? என் மகள் நன்றாகத்தான் ஆடுகிறாள்.

பதில்: தாராளமாக ஆடட்டும். புதிர், சீட்டு, வினாடி வினா எல்லாம் ரிமோட்டுக்கு அருமையாகப் பொருந்தும். ஓடிக்கொண்டே தாண்ட வேண்டிய கேம்தான் சிக்கல். என் அக்கா மகன் தாண்டுவதற்காகக் கட்டைவிரலை அம்புக்குறியிலிருந்து எடுத்து நடு பட்டனுக்குக் கொண்டுபோவான். அதற்குள் பொம்மை நின்று பள்ளத்தில் விழுந்துவிடும். நாலு தடவை விழுந்ததும் கார்ட்டூன் போடச் சொல்லிவிட்டான்.

கேள்வி: ஊயா என்ற மலிவு கன்சோல் கன்ட்ரோலரோடுதானே வந்தது? அது ஏன் தோற்றது?

பதில்: சரியான கேள்வி. 2012-ல் மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 85 லட்சம் டாலர் திரட்டி, மறு வருடம் 99 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஆனால் பெரும்பாலும் போன் கேம்களே அதில் இருந்தன. அதற்காகவே வாங்க வேண்டும் என்று தோன்றவைக்கும் கேம் போதவில்லை.

கேள்வி: அப்போ சும்மா பொழுதுபோக்குக்கு ஆடும் கேஷுவல் கேமால் கன்சோலுக்கு ஆபத்தே இல்லையா?

பதில்: ஒரு அடி விழுந்தது. அடித்தது போன். 2006-ல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றதற்கு, அதுவரை கேமே ஆடாத அம்மாக்களும் தாத்தாக்களும் பெரிய காரணம். 2012-ல் அதன் அடுத்த கன்சோல் வீ யூ வந்தபோது அவர்கள் கையில் போன் இருந்தது. வீ யூ சுமார் 1.36 கோடியோடு நின்றது. பெயர்க் குழப்பமும் கேம் பஞ்சமும் சேர்ந்துகொண்டன, அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் 2017-ல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. கேஷுவல் கூட்டம் போனாலும் கன்சோல் பிழைக்கும் என்று நான் தைரியமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கேம் தூரத்து சர்வரில் ஓடி, படம் மட்டும் நம் டிவிக்கு வரும் கிளவுட் கேமிங்?

பதில்: என் கவலை இங்கேதான். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் ஓடும் கேமில் ஒரு பிரேமுக்குச் சுமார் 17 மில்லி செகண்ட். நாம் அழுத்திய பட்டன் சர்வருக்குப் போய், படம் திரும்பி வர வேண்டும்; அதில் தாமதம் வந்தால் ஆட்டம் கெடும். கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் 2024-ல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்கும் மைக்ரோசாஃப்டே தன் கிளவுட் கேம்களை ஃபயர் டிவி ஸ்டிக்கில் கொண்டுவந்தது. மாதச் சந்தா வந்தால் போதும், பெட்டி விற்க வேண்டியதில்லை என்று கன்சோல் கம்பெனியே நினைக்கத் தொடங்கியதுதான் உண்மையான ஆபத்து. கன்ட்ரோலரை மட்டும் அங்கேயும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.