கண்ணியும் கொக்கியும்: வாசகர் கேள்வி பதில்

தலையணை உறையின் விளிம்புக்குக் குரோஷே ரேந்தை (ஒற்றைக் கொக்கியால் பின்னும் லேஸ்) பின்னுவது பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இம்மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டதால், தோட்டம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

*மாலையில் மின்விசிறிக்குக் கீழே ஊசிகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தால், "திருகோணமலையில் யாருக்குப் பிள்ளை ஸ்வெட்டர்?" என்று மாமி சிரிக்கிறார். குளிர்நாட்டுக்காரரின் பொழுதுபோக்கை நான் வீணாகக் கையில் எடுத்துவிட்டேனா?*
*— வாசகி, உப்புவெளி*

மாமியின் கேள்வி நியாயமானது. ஆயினும் அது கம்பளியைப் பற்றிய கேள்வியே தவிர, பின்னலைப் பற்றியதன்று. இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல் துண்டுகள் எகிப்தில் கண்டெடுக்கப்பட்டவை. பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் காலுறைகள், நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால், அரபு எழுத்தை ஒத்த கோலங்களுடன் பின்னப்பட்டிருக்கின்றன. அதாவது, இந்தக் கலையின் பழைய சான்றுகள் நம்மூரைப் போல வெயில் எரிக்கும் நாட்டிலிருந்து, நாம் உடுத்தும் அதே பருத்தியில் வந்திருக்கின்றன. இதை மாமியிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு நிற்காவிட்டாலும், பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

ஆகவே பருத்திக்கு மாறுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கம்பளி நூல் வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்; அக்ரிலிக் நூலோ கீச்சிடும். பளபளப்பான 'மெர்சரைஸ்டு' பருத்தி நூல் இரண்டு தொல்லையும் தராது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் தோய்த்துப் பார்த்ததன் விளைவு அது. நூலை இழுத்துப் பிடித்தபடி தோய்த்தால்தான் மினுமினுப்பு வரும் என்பது பிற்பாடு தெரியவந்தது. பருத்திக்கு ஒரு குறை உண்டு: கம்பளியைப் போல அது இழுபட்டுத் திரும்பாது. எனவே இடுப்புப் பட்டியும் கை விளிம்பும் இறுகிப் பிடிக்கவேண்டிய சட்டைகளைத் தவிர்த்து, மேசை விரிப்பு, தோள் பை, சால்வை, பாத்திரம் துடைக்கும் துணி போன்றவற்றைப் பின்னுங்கள்.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய நூலுக்கான உருக்குக் கொக்கிகள் நம்மூரில் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த கொக்கி வெள்ளை நூலில் விடும் கறையைப் போக்குவது பெரும் பாடு. வேலை முடிந்ததும் துடைத்து, இறுக மூடும் தகரப் பெட்டியில் வெண்கட்டித் துண்டு ஒன்றுடன் போட்டு வையுங்கள். வெண்கட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஊசிப் பின்னலுக்கு மூங்கில் ஊசிகளே வியர்க்கும் கைக்கு உகந்தவை. நூலுருண்டைக்கு மூடியுள்ள பனையோலைப் பெட்டி ஒன்று போதும்: மூடியின் இடுக்கு வழியாக நூல் வெளியே வரும், உருண்டை கட்டிலுக்கு அடியில் ஓடாது, பூனையும் ஏமாறும்.

குளிர்நாட்டுச் சரக்கு என்று மாமி மீண்டும் தொடங்கினால், ரேந்தை என்ற சொல்லை நினைவூட்டுங்கள். போர்த்துக்கேய மொழியிலிருந்து நம் வாய்க்கு வந்து, பாட்டிமாரின் சட்டைக் கழுத்தில் தங்கிவிட்ட சொல் அது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்தவர்களின் மொழியிலிருந்து நாம் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று.

*ஊசிப் பின்னல், குரோஷே இரண்டில் எதை முதலில் கற்பது?*
*— வாசகர், அனுராதபுரச் சந்தி*

குரோஷே. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் (நூல் வளையங்கள்) அத்தனையும் ஊசியில் உயிரோடு தொங்கும். ஒன்று நழுவினால் கீழ்வரிசைகளுக்கும் சறுக்கிக்கொண்டு இறங்கும். குரோஷேயில் எந்நேரமும் ஒரேயொரு கண்ணிதான் கொக்கியில் இருக்கும். தவறு நேர்ந்தால், நூலை இழுத்துத் தவறு வரைக்கும் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

*அம்மா விட்டுச்சென்ற பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து வட்ட விரிப்பு ஒன்று பின்னுகிறேன். கண்ணிகளின் பெயர்கள் விளங்காதபோது யூடியூப் காணொளியில் பார்த்துக்கொள்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தும், ஐந்தாம் சுற்றிலிருந்து விரிப்பு தட்டையாக நிற்காமல் கிண்ணம் போல மேலெழுகிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன். என் கைதான் பிழையா?*
*— வாசகி, பாலையூற்று*

உங்கள் கையில் பிழையே இல்லை, அம்மா. உங்கள் புத்தகம் பிரித்தானியாவினுடையது. நீங்கள் பார்க்கும் காணொளி பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. இரு நாட்டாரும் ஒரே பெயர்களை வெவ்வேறு கண்ணிகளுக்கு வைத்திருக்கிறார்கள். பிரித்தானியர் 'டபுள் குரோஷே' என்பது அமெரிக்கருக்கு 'சிங்கிள் குரோஷே'. பிரித்தானியரின் 'டிரெபிள்' அமெரிக்கரின் 'டபுள்'. இப்படியே ஏணியில் ஒரு படி விலகி முழு வரிசையும் செல்கிறது.

உங்கள் விரிப்பில் நடந்ததை அருகிலிருந்து பார்ப்போம். புத்தகம் 'டிரெபிள்' என்கிறது. பிரித்தானிய முறையில், கொக்கியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொண்டு துளைக்குள் விடவேண்டும். காணொளியில் வரும் அமெரிக்கப் பெண்மணியோ 'டிரெபிள்' என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை சுற்றுகிறார். அதைப் பார்த்துப் பின்னும்போது உங்கள் கண்ணி ஒவ்வொன்றும் இருக்கவேண்டியதைவிட உயரமாகிவிடுகிறது. உயரம் கூடினால் வட்டத்தின் ஆரை கூடும். ஆரை கூடினால் சுற்றளவும் கூடவேண்டும். ஆனால் எண்ணிக்கையை நீங்கள் ஒழுங்காகப் புத்தகப்படியே வைத்திருப்பதால் விளிம்புக்குப் போதிய கண்ணிகள் இல்லை. விளிம்பு உள்ளே இழுக்க, விரிப்பு கிண்ணமாகிறது. எண்ணிக்கையில் அலட்சியமாக இருந்திருந்தால் ஒருவேளை தட்டையாகவே வந்திருக்கும்!

இனிமேல் எந்தக் குறிப்பைக் கையில் எடுத்தாலும் 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் அதில் வருகிறதா என்று முதலில் தேடுங்கள். வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்பு. பிரித்தானியக் குறிப்பில் அந்தச் சொல் பொதுவாக இராது.

அம்மாவின் பெட்டியில் பின்னல் ஊசிகளும் இருந்தால் அவற்றின் இலக்கங்களிலும் கவனம் தேவை. பழைய பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்பது 4 மில்லிமீட்டர், 10 என்பது 3.25 மில்லிமீட்டர், 14 என்பது 2 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் இலக்கம் கூடினால் ஊசி தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். இலக்கம் அழிந்துபோன ஊசிகளை, விஞ்ஞான ஆசிரியர் யாரையாவது தெரிந்திருந்தால், பாடசாலை ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்துவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை, மாணவர்கள்தான் நிறையக் கேட்டார்கள்.

*வேலை, இரண்டு பிள்ளைகள், டியூஷனுக்குக் கூட்டிச்செல்வது, சமையல். இதற்கிடையில் பின்னலுக்கு நேரம் எங்கே?*
*— வாசகி, உவர்மலை*

தனியாக ஒரு மணிநேரம் ஒதுக்க நினைத்தால் அது கிடைக்கவே கிடைக்காது. டியூஷன் வாசலில் காத்திருக்கும் இருபது நிமிடமும், கிளினிக்கில் இலக்கம் கூப்பிடும் வரையிலான பொழுதும், சோறு வடிக்கும் முன் அடுப்படியில் நிற்கும் ஐந்து நிமிடமும்தான் உங்களுக்குரியவை. அந்தப் பொழுதுக்கு ஏற்ற வேலையாகத் தெரிந்தெடுங்கள். கைப்பைக்குள் அடங்கும் சிறு சதுரங்களாகப் பின்னிச் சேர்த்துவைத்து, பிறகு ஒன்றோடொன்று இணைத்தால் கட்டில் விரிப்பாகிவிடும். எழும்ப நேர்ந்தால் கொக்கியிலுள்ள கண்ணியில் ஒரு சேப்டி பின்னைக் கொளுவிவிட்டு எழும்புங்கள்.

எண்ணிப் பின்னவேண்டிய கோலம் ஒன்றும், எண்ணாமலே கை ஓடும் வேலை ஒன்றுமாக இரண்டை வைத்திருப்பது என் பழக்கம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், முற்றத்துக் கதிரையில் இருட்டில் அமர்ந்து, விரல்நுனி உணர்விலேயே ஒரு சால்வையைப் பின்னி முடித்தேன். காலையில் பார்த்தபோது மூன்று இடங்களில் கண்ணி தவறியிருந்தது. அவற்றைத் திருத்தாமல் அப்படியே போர்த்திக்கொண்டிருக்கிறேன்.

*நான் ஆண், ஓய்வுபெற்ற ஆசிரியர். மூதூரிலிருந்து பஸ்ஸில் நகருக்கு வரும்போது குரோஷே பின்ன ஆசை. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்.*
*— வாசகர், மூதூர்*

பார்க்கட்டும், ஐயா. காலையில் திருக்கடலூர்க் கரையில் வலையை மடியில் போட்டுக் கிழிசல் பின்னும் ஆண்களை யாரும் கூச்சத்தோடு பார்ப்பதில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் நிற்கிறது; உங்கள் வேலையில் முடிச்சே இல்லாமல் வளையத்துக்குள் வளையமாக நிற்கிறது. வேறுபாடு அவ்வளவே. ஐரோப்பாவில் பின்னல் ஒரு தொழிலாக இருந்த நூற்றாண்டுகளில் அதற்கான தொழிற்சங்கங்களை நடத்தியவர்கள் ஆண்கள். 1589இல் பின்னல் பொறியை உருவாக்கிய வில்லியம் லீயும் ஆண்தான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின் பாதையில் குலுக்கல் குறைந்திருப்பதால், யன்னலோர இருக்கை கிடைத்தால் நகரை அடைவதற்குள் ஒரு சதுரம் முடியும்.

*குரோஷேயில் உயர் கணிதம் இருப்பதாக ஆசிரியர் சொன்னார். உண்மையா? நான் கணிதப் பிரிவில் படிக்கிறேன்.*
*— மாணவி, நிலாவெளி*

உண்மைதான், மகள். தட்டையான வட்டத்துக்குச் சுற்றுதோறும் ஆறு ஆறாகக் கூட்டுவோம்: 6, 12, 18, 24, 30, 36. இங்கே சுற்றளவு ஆரையோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. இதற்குப் பதிலாகச் சுற்றுதோறும் இரட்டித்துப் பாருங்கள்: 6, 12, 24, 48, 96, 192. ஆறாம் சுற்றிலேயே விளிம்புக்கு இடம் போதாமல் மடிந்து மடிந்து சுருள்கிறது. இப்படிச் சுருளும், கணிதத்தில் அதிபரவளைவுத் தளம் என்று சொல்லும் பரப்பைக் கையில் பிடித்துக் காட்ட நெடுங்காலம் நல்ல மாதிரி இருக்கவில்லை. கடதாசி மாதிரிகள் கிழிந்தன. லத்வியாவைச் சேர்ந்த டைனா தைமினா என்ற கணிதவியலாளர், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1997இல் அதைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். அதைக் கண்ட மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் அதே முறையில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்க, பல நாடுகளின் பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

உங்களுக்கு அந்தப் பாறையைப் படத்தில் பார்க்கவேண்டிய தேவையில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு இருக்கிறது. அங்கே நீருக்கடியில் கீரை இலை போலச் சுருண்டு நிற்கும் பவளங்களின் விளிம்பை உற்றுப் பாருங்கள். தொடவோ உடைக்கவோ வேண்டாம், அது 2003 முதல் தேசியப் பூங்கா. வீட்டுக்கு வந்து, ஐந்து கண்ணிக்கு ஒன்று வீதம் கூட்டிப் பின்னுங்கள். பிறகு மூன்றுக்கு ஒன்று வீதம். இரண்டையும் அருகருகே வைத்தால் உங்கள் ஆசிரியருக்கே ஒரு பாடம் எடுக்கலாம்.

*இவ்வளவு அழகாகப் பின்னுகிறாயே, விற்றால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். விற்கலாமா?*
*— வாசகி, சாம்பல்தீவு*

பணம் தேவையென்றால் விற்கலாம். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது எத்தனையோ குடும்பங்களுக்குக் குரோஷே ரேந்தைதான் சோறு போட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் தேவை என்ற சொல் எங்கும் இல்லை. 'கேட்கிறார்கள்' என்ற சொல்தான் நான்கு முறை வருகிறது. ஒரு முழ அகல விரிப்புக்கு என் கைக்கு எட்டு மணிநேரம் பிடிக்கிறது. நூல் விலையோடு எட்டு மணிநேரக் கூலியையும் சேர்த்து விலை சொன்னால், அதைக் கேட்ட அதே ஆட்கள் "இவ்வளவா?" என்பார்கள். அதன்பின் நீங்கள் கூலியைக் குறைப்பீர்கள். கை வலிக்க வலிக்கப் பிறருக்குப் பிடித்த நிறத்தில் பின்னுவீர்கள். பெண்கள் ஆசைக்காகச் செய்யும் எதையும் வருமானமாக்கச் சொல்லும் இந்த வழக்கம் எனக்கு உவப்பானதன்று.

விற்பதோ வைத்துக்கொள்வதோ, நூலை மட்டும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். பெரிய மேசை விரிப்பு ஒன்றுக்காக நகரக் கடையொன்றில் வெள்ளை நூல் வாங்கினேன். போதாமல் மீண்டும் போய் அதே இலக்கத்தில் வாங்கினேன். சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயமிட்ட நூலுக்கு இடும் எண்) அச்சிட்ட தாளைக் கடைக்காரர் முன்பே கழற்றி எறிந்திருந்தார். "வெள்ளை வெள்ளைதானே, அக்கா" என்றார். விரிப்பின் கடைசி நாலு விரற்கடை மட்டும் இன்றும் பால் வெள்ளையாக இருக்கிறது. மற்றது தயிர் வெள்ளை.

*டொரன்டோவில் இருக்கும் பேத்திக்கு முதல் குளிர்காலம் வருகிறது. ஸ்வெட்டர் பின்னி அனுப்ப விரும்புகிறேன். பிள்ளையை நேரில் பார்த்ததில்லை. அளவுக்கு என்ன செய்வது?*
*— வாசகி, திருகோணமலை நகர்*

பிள்ளையை அளக்கச் சொல்லாதீர்கள், அது நெளியும். ஏற்கெனவே அளவாக இருக்கும் சட்டை ஒன்றை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே அகலத்தையும் கையின் நீளத்தையும் அளந்து அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். அதற்கு ஒரு படி பெரிதாகப் பின்னுங்கள். பொதி போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

முதலில் ஒரு கை அகலத்துக்குச் சோதனைத் துண்டு பின்னி, கழுவி, உலர்த்தி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். குறிப்பு 22 என்று சொல்லி, உங்கள் இறுக்கமான கைக்கு 24 வந்தால், 56 சென்டிமீட்டர் சுற்றளவுக்காகப் போட்ட 123 கண்ணிகள் 51 சென்டிமீட்டரில் முடிந்துவிடும்; சட்டை பிள்ளைக்குச் சிறிதாகிவிடும். அப்படியானால் அடுத்த தடிப்புள்ள ஊசிக்கு மாறுங்கள்.

நூல் விடயத்தில் உங்கள் மகள்மீது இரக்கம் காட்டுங்கள். சாதாரணக் கம்பளியை இயந்திரத்தில் சுடுநீரில் போட்டால் சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்ட கம்பளியோ அக்ரிலிக்கோ வாங்குங்கள். கடையில் சொல்வதை நம்ப முடியாவிட்டால் ஒரு நுனியைப் பற்றவைத்துப் பாருங்கள்: கம்பளி முடி கருகும் மணத்தோடு தானே அணையும், அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாகும். அக்ரிலிக் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது. கழுத்தில் நீள நாடா வேண்டாம், இறுகிவிடும். பொத்தான்களை இரட்டை நூலால் தைத்து, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, மிச்ச நூலில் ஒரு சிறு உருண்டையையும் பொதிக்குள் வையுங்கள். முழங்கை தேய்ந்தால் மகள் அதே நிறத்தில் ஒட்டுப்போட்டுக்கொள்வாள்.