ரோய்கார்டுக்கு அடுத்து யார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸில் கேம் ரோய்கார்ட்தான் முதல் ஹாஃப்பேக் (9-ம் எண் அணிந்து, குவியலிலிருந்து பந்தை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர்) என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கு அடுத்து யார் என்று பேச்செடுத்தால்தான் நண்பர்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது. நான் ஃபின்லே கிறிஸ்டி கட்சி. கிரிக்கெட்டில் இரண்டாவது விக்கெட் கீப்பரை எதற்கு வைத்திருக்கிறார்கள்? முதல் ஆளுக்கு அடிபட்டால் வந்து, எதையும் கெடுக்காமல் முடித்துக் கொடுப்பதற்கு. மாற்று ஹாஃப்பேக்கும் அப்படித்தானே? அதற்கு அனுபவஸ்தர் ஒருவர் போதும். கோர்ட்டெஸ் ராட்டிமா நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரும் ரோய்கார்டைப் போல ஓடுகிற ரகம். ஒரே மாதிரி இருவர் எதற்கு? நோவா ஹோத்தம் இன்னும் பக்குவப்படவில்லை. 2025 செப்டம்பரில் வெலிங்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆரம்பத்திலிருந்தே அவரை ஆடவிட்டார்கள். 43-10 என்று தோற்றோம்.

மூன்றாவதாக ஒரு ஹாஃப்பேக்கைக் கூடவே கூட்டிக்கொண்டு திரிவதும் ஓர் இடத்தை வீணாக்குவதுதான் என்று தோன்றுகிறது. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா பெஞ்சில் (மாற்று ஆட்டக்காரர் வரிசையில்) ஹாஃப்பேக்கே இல்லாமல் ஜெயிக்கவில்லையா? பழைய ஹாஃப்பேக் டி.ஜே. பெரெனாராவை ஜப்பானிலிருந்து திரும்ப அழைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார் இன்னொரு நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

விக்கெட் கீப்பர் உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் கருத்து வேறுபாடு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இரண்டாவது கீப்பர் தொடர் முழுக்கக் கையுறையே போடாமல் ஊர் திரும்பலாம். ரக்பியில் மாற்று ஹாஃப்பேக்குக்கு அப்படி நடப்பது அபூர்வம். 9-ம் எண் அணிந்தவருக்கு அடிபட்டாலும் படாவிட்டாலும், அநேகமாக ஒவ்வொரு டெஸ்டிலும் (ரக்பியில் இது எண்பது நிமிட சர்வதேச ஆட்டம்) ஐம்பதாவது நிமிடத்துக்கும் எழுபதாவது நிமிடத்துக்கும் இடையில் அவரை வெளியே எடுத்துவிடுவார்கள். ஆகவே மாற்று ஆள் என்று நாம் சொல்பவர் உண்மையில் ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கான முதல் தேர்வு. இதை ஒப்புக்கொண்டால் நாம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு.

2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்லாந்தில், ஈடன் பார்க்கில், பிரான்சுக்கு எதிராக. ஆரம்பத்தில் ஆடியவர் பிரி வீபு. காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஏழு பெனால்டிகளை உள்ளே அனுப்பி அணியைக் கரைசேர்த்தவர், அன்று அடித்த உதைகள் தவறிப் போயின. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆண்டி எல்லிஸ் வந்தார். அப்போது ஸ்கோர் 8-7. ஒரே ஒரு புள்ளி முன்னிலை, பிரான்ஸ் மேலே மேலே வந்துகொண்டிருக்கிறது, மிச்சம் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு ரக்கிலிருந்தும் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் முட்டி நிற்கும் குவியல்) பந்தை எடுத்தவர் எல்லிஸ். கடைசியில் பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்து ஆட்டத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். கோப்பைக்கான 24 வருடக் காத்திருப்பு முடிந்தது மாற்று ஹாஃப்பேக்கின் காலில். ஸ்டீபன் டொனால்ட் அடித்த பெனால்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எல்லிஸை மறந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீங்கள் குறிப்பிடும் தென்னாப்பிரிக்காவும் 2023-இல் இதைத்தான் செய்தது. பிரான்சுக்கு எதிரான காலிறுதியிலும் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியிலும் கோபஸ் ரைனாக் ஆரம்பித்தார், ஃபாஃப் டி கிளர்க் பெஞ்சிலிருந்து வந்து முடித்தார். இரண்டு ஆட்டங்களிலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. டி கிளர்க்கை அங்கே யாரும் ‘இரண்டாம் தரம்’ என்று நினைத்திருக்க மாட்டார்கள். இறுதிப் போட்டியில் அவரே ஆரம்பித்தார்.

சரி, கடைசி 25 நிமிடத்தை யாரிடம் கொடுப்பது?

கிறிஸ்டியிடம் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய பாக்ஸ் கிக் (ரக்கின் பின்னாலிருந்து பந்தை உயரே உதைப்பது) நம்பகமானது. தன்னைவிட உருவத்தில் பெரியவர்களைத் தயங்காமல் போய் விழுத்துகிறார். உங்கள் வாதத்துக்கு நீங்கள் சொல்லாத ஒரு வலுவும் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து, உயரே போன பந்தைப் பிடிக்கப் போகிறவரைச் சுற்றிச் சக ஆட்டக்காரர்கள் அரண் போல ஓடிவந்து மறிப்பதை நடுவர்கள் அனுமதிப்பதில்லை. துரத்தி ஓடுகிறவருக்கு வழி திறந்துவிட்டது. இதனால் பாக்ஸ் கிக் என்பது பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளும் உத்தியாக இல்லாமல், பந்தைத் திரும்பப் பிடிப்பதற்கான உண்மையான போட்டியாக ஆகிவிட்டது. மழை பெய்து மைதானம் வழுக்குகிற இரவில், நான்கு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, கிறிஸ்டி உள்ளே வருவதைப் பார்த்தால் நானும் நிம்மதி அடைவேன்.

ஆனால் முன்னிலையைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். பின்தங்கி இருக்கும்போது என்ன செய்வது? 2023 இறுதிப் போட்டியில் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கிப் போன பிறகு 14 பேரோடு, 12-11 என்று ஒரு புள்ளி பின்தங்கி, துரத்திக்கொண்டிருந்தோம். அன்றைய முதல் ஹாஃப்பேக் ஆரன் ஸ்மித்துக்குப் பதிலாக கிறிஸ்டி வந்தார். ரோய்கார்ட் அன்றைய 23 பேரில் இல்லை. இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 25 அன்று, டுவிக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்கா நம்மை 35-7 என்று நசுக்கியபோது, பெஞ்சிலிருந்து வந்து தனியாக ஓடி நம் அணியின் ஒரே ட்ரையை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டவர் அதே ரோய்கார்ட். இறுதிப் போட்டித் தோல்வியை கிறிஸ்டி தலையில் கட்ட மாட்டேன். தவறிப்போன உதைகள் இருக்கின்றன, சிவப்பு அட்டை இருக்கிறது. துரத்த வேண்டிய நேரத்தில் காப்பாற்றத் தெரிந்தவரை மட்டும் பெஞ்சில் வைத்திருந்தோம் என்பதைத்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம் வந்ததில்லை.

அறுபதாவது நிமிடத்தில் ரக்கின் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ரக்குக்குப் பக்கத்தில் நிற்கும் தடுப்பாளர் பெரும்பாலும் களைத்துப்போன ஃபார்வர்ட், முன்னால் நின்று முட்டி மோதும் பெரிய உருவக்காரர். கை முட்டியில் ஊன்றி, கண் மட்டும் பந்தின் மேல். ஹாஃப்பேக் பந்தை எடுத்து நேராக பாஸ் கொடுத்துவிட்டால் அவர் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த ஆளை மூடிவிடுவார். ஹாஃப்பேக் பந்தோடு ஓர் அடி, ஒரே ஓர் அடி, முன்னால் வைத்தால் போதும், அவரால் நகர முடியாது. அங்கேயே நின்றாக வேண்டும். அவர் நின்ற அந்த அரை வினாடியில் வெளிப்பக்கம் ஒரு கதவு திறக்கும். ராட்டிமா இதை இயல்பாகச் செய்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது, பாஸ் கொடுத்த பிறகு அவர் செய்வது. பந்து கையை விட்டுப் போனதும் அதன் பின்னாலேயே போகாமல், மைதானத்தின் நடுவை நோக்கி உள்பக்கமாகக் குறுக்கே ஓடுகிறார். யாராவது தடுப்பை உடைத்தால், பந்தைத் திரும்ப வாங்க அவர் அங்கே இருப்பார்.

ஆரன் ஸ்மித்தின் பாஸ் வேறு வகை. கையைப் பின்னால் வீசி எடுக்காமல், தரையிலிருந்து அப்படியே பந்தை அனுப்புவார். 125 டெஸ்ட் ஆடியவர். அந்த வேகம் இப்போது இருக்கும் நால்வரில் யாருக்கும் இல்லை என்பதுதான் என் மதிப்பீடு. வேகமான கை இல்லாத காலத்தில் ஓடும் அச்சுறுத்தல் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

‘ஒரே மாதிரி இருவர் எதற்கு’ என்றீர்கள். அதில்தான் பலனே இருக்கிறது. 9-ம் எண் மாறும்போது 10-ம் எண் (ஹாஃப்பேக்கிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) எவ்வளவு தள்ளி நிற்பது, ஃபார்வர்டுகள் எந்த நேரத்தில் ஓட்டத்தைத் தொடங்குவது என்று எல்லாமே அவரைப் பார்த்துத்தான் அமைகிறது. ஆட்டத்தின் நடுவில் முற்றிலும் வேறு பாணிக்காரர் வந்தால் பழகவே பத்து நிமிடம் போகும். இருபது நிமிடம்தான் மிச்சம் இருக்கிறபோது அது பெரிய செலவு. அப்புறம், ரோய்கார்டும் ராட்டிமாவும் அச்சில் வார்த்தது போல ஒன்றும் இல்லை. ரோய்கார்ட் இடது காலால் உதைப்பவர். அந்தப் பந்தின் சுழற்சிக்குப் பழகிய எதிரணிக்கு, மாற்று ஆள் வலது காலோடு வரும்போது மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே என் வரிசை: ரோய்கார்ட், ராட்டிமா, அப்புறம் ஹோத்தம். கிறிஸ்டியை நான்காவதாக, எப்போது அழைத்தாலும் வரத் தயாரான ஆளாக வைத்திருப்பேன். வயது இதற்குக் காரணம் இல்லை. 2023 இறுதிப் போட்டியில் ஸ்மித்துக்கு 34 வயது, களத்தில் இருந்த மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் அவர்.

பெரெனாரா விஷயம் சீக்கிரம் முடிகிறது. நியூசிலாந்து ரக்பியோடு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆல் பிளாக்ஸ் அணியில் இடம். அவர் 89 டெஸ்ட் ஆடி, 2024 நவம்பரில் டூரினில் இத்தாலிக்கு எதிராக விடைபெற்றுப் போய்விட்டார். அவருக்காக விதியைத் தளர்த்தினால், வெளிநாட்டுப் பணத்தை விட்டுவிட்டு உள்ளூரில் காத்திருக்கும் இளைஞர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது ஹாஃப்பேக் வீண் என்பதைத்தான் நான் பலமாக மறுக்கிறேன். 2024 ஜூலையை நினைவுபடுத்திப் பாருங்கள். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு டெஸ்ட், ஃபிஜிக்கு எதிராக சான் டியாகோவில் ஒன்று. மார்ச்சிலேயே முழங்கால் காயத்தால் ரோய்கார்ட் வெளியே. பெரெனாரா டனீடினில் அடிபட்டார். மூன்று ஆட்டங்களுக்குள் பெரெனாரா, கிறிஸ்டி, ராட்டிமா, ஹோத்தம் என்று நான்கு பேர் ஆடியாயிற்று. ராட்டிமாவும் ஹோத்தமும் அப்போதுதான் அறிமுகம். 2025-இல் இன்னும் மோசம். ரோய்கார்டுக்குப் பாதத்தில் எலும்பு முறிவு, ராட்டிமாவும் ஹோத்தமும் கூடக் காயம். செப்டம்பர் 6 அன்று ஈடன் பார்க்கில், 1994-க்குப் பிறகு நாம் தோற்காத மைதானத்தில், உலக சாம்பியன் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக கிறிஸ்டி ஆரம்பித்தார். பெஞ்சில் அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாத கைல் பிரெஸ்டன். 24-17 என்று ஜெயித்தோம். பட்டியலில் நான்காவதும் ஐந்தாவதும் இருந்தவர்கள் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டம் அது. அந்த நாளில் கிறிஸ்டி ஆடிய விதத்துக்கு என் மரியாதை என்றும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் 2023 இறுதிப் போட்டி பெஞ்சையும் முழுதாகப் பார்க்க வேண்டும். ஏழு ஃபார்வர்டுகள், ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் நின்று ஓடி ஆடுபவர் ஒரே ஒருவர், வில்லி லெ ரூ. உண்மைதான். ஆனால் அந்தப் போட்டித் தொடருக்கு அவர்கள் கூட்டிவந்த 33 பேரில் டி கிளர்க், ரைனாக், ஜேடன் ஹென்ட்ரிக்ஸ, கிராண்ட் வில்லியம்ஸ் என்று நான்கு ஹாஃப்பேக்குகள் இருந்தார்கள். நாம் மூன்றே பேர்தான் கொண்டுபோனோம். இறுதிப் போட்டிக்கு மட்டும் அவசரத் தேவைக்கு மைதானத்தின் ஓரத்தில் (விங்) ஆடும் செஸ்லின் கோல்பி போதும் என்று துணிந்தார்கள். 73-வது நிமிடத்தில் அதே கோல்பி மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடத்துக்கு வெளியே போனார். சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்கவே முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? அந்த ஏழு நிமிடத்தில் டி கிளர்க்குக்குக் கணுக்கால் பிசகியிருந்தால் ரக்கிலிருந்து பந்தை எடுக்கப் பழகிய ஆளே அவர்களிடம் இல்லை. கோப்பை கையில் இருப்பதால் அது துணிச்சல் என்று பேசப்படுகிறது. நம் அணி அப்படிச் செய்வதை நான் விரும்ப மாட்டேன்.

2026-இல் தென்னாப்பிரிக்கப் பயணம் வேறு இருக்கிறது. மூன்று டெஸ்ட் அங்கே, நான்காவது அமெரிக்காவில் பால்டிமோரில், இவற்றோடு ஸ்டார்மர்ஸ், ஷார்க்ஸ், புல்ஸ், லயன்ஸ் என்ற அந்நாட்டு உள்ளூர் அணிகளோடு ஆட்டங்கள். முதல் டெஸ்ட் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில், கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் ஒவ்வொரு ரக்குக்கும் ஓடிப்போக வேண்டிய 9-ம் எண்ணுக்குத்தான் மூச்சு முதலில் வாங்கும். இரண்டு ஹாஃப்பேக்கை வைத்துக்கொண்டு எட்டு ஆட்டங்களை எப்படி ஓட்டுவது?

கடைசியாக வெலிங்டன். நீங்கள் ஹோத்தம் மேல் போட்டது நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். காயத்திலிருந்து திரும்பி வந்து ஆடினார். இடைவேளையில் 10-7 என்று நாம்தான் முன்னிலை. இரண்டாம் பாதியில் 36 புள்ளிகள் வாங்கினோம், ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்க்ரம்மிலும் (இரு அணி ஃபார்வர்டுகளும் கோத்து நின்று தள்ளுவது) ரக்கிலும் நம் ஃபார்வர்டுகள் பின்னால் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் போகிற ரக்கிலிருந்து, எதிரணி ஆள் மேலே விழுகிற நேரத்தில் வரும் பந்தை வைத்து எந்த ஹாஃப்பேக்கும் எதையும் செய்துவிட முடியாது. வாய்ப்பிருந்தால் இடைவேளை வரைக்குமான அந்த ஆட்டத்தை மறுபடி போட்டு, ஹோத்தமை மட்டும் பாருங்கள். ஸ்டார்மர்ஸுக்கும் புல்ஸுக்கும் எதிரான ஆட்டங்களில் அவரை ஆரம்பத்திலிருந்தே ஆடவிட வேண்டும் என்று நான் சொல்வது ஏன் என்று தெரியும். பார்த்த பிறகும் கிறிஸ்டிதான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்.