பைக்கை விற்கவா, வைத்திருக்கவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வீடு நோர்வூட். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு 150 சிசி பைக் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். கொண்டுவந்து நிறுத்திய அன்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள், அந்தச் சந்தோஷம் அன்றோடு சரி. கிளச் பிளேட் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. மனைவி பின்னால் ஏறினால் கடைசி ஏற்றத்தில் முதலாம் கியரிலும் திணறுகிறது. லீற்றருக்கு 30 கிலோமீற்றர்கூட வருவதில்லை. போன வருஷம் ஒரு சின்னச் சாமானுக்காக ஒன்றரை மாதம் பஸ்ஸில் போனேன். கம்பெனிக்குப் போன் எடுத்தால் "மலைநாட்டில ஓடினா அப்படித்தான் சேர்" என்கிறார்கள். மச்சான் தன்னுடைய பிராண்டுக்கு மாறச் சொல்லி நச்சரிக்கிறார். மாறலாமா? விற்கும்போது இதன் குறைகளைச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த பைக்கின் பெயரை எடுத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாறுங்கள். ஆனால் எதற்காக மாறுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இதே கடிதத்தை வேறு பெயர் போட்டு எனக்கு எழுதுவீர்கள்.

முதலில் பெற்றோல். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீங்கள் அதற்குக் கீழே இருந்தாலும் விஷயம் அதேதான்: கீழ்நாட்டுக் கணக்குக்கு வைத்த கார்பரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான்) இங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு பெற்றோலை ஊற்றும், எரிக்கத்தான் காற்றுப் போதாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி மண்நிறத்தில் இருந்தால் பரவாயில்லை, விரலால் தேய்க்கும்போது கண்மை மாதிரி கரி ஒட்டினால் பெற்றோல் அங்கேதான் வீணாகிறது. எயார் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணி, கார்பரேட்டரைத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கொடுத்து அளவு பார்த்தால் கொஞ்சம் தேறும். இன்ஜெக்ஷன் பைக் என்றால் பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. எந்த பிராண்டுக்குப் போனாலும் இங்கே இழுவை ஒரு பிடி குறைவுதான்.

கிளச் விஷயத்தில் உங்கள் கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் வளைவுக்கு வளைவு கிளச்சைப் பாதி பிடித்தபடி ஏறுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். அப்படி ஓடினால் எந்தப் பிளேட்டும் கருகும். லீவரை இழுக்கும்போது முதலில் ஒரு சின்னத் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள், கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் நீங்கள் கையை எடுத்த பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது. 150 சிசி வண்டி முதலாம் கியரில் திணறுவதற்கு மலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது என்றால் புதுப் பிளேட்டும் வழுக்குகிறது என்று அர்த்தம். அது இல்லை என்றால் முன் ஸ்ப்ரொக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற முன் பல்சக்கரத்தில், ஒரு பல் குறைத்துப் போடலாம். 14 பல்லுக்கு 13 போட்டால் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், அதற்குப் பதிலாக டவுன் ரோட்டில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும்.

ஒன்றரை மாதம் பஸ்ஸில் போனீர்கள் பாருங்கள், அதற்குத்தான் நான் மாறச் சொல்கிறேன்.

நானும் மாறியவன்தான். என்னிடமிருந்த பைக்கில் கியர் லீவர் பக்கத்து ஒயில் சீல் போய்விட்டது, அஞ்சு சதக் காசு அளவு ரப்பர் வளையம். ஹட்டனில் இல்லை, கண்டியில் இல்லை, கொழும்பிலிருந்து "வரும் வரும்" என்றார்கள். வாசலில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் பைக்கை நிறுத்துவேன், காலையில் பார்த்தால் பேப்பரில் கறுப்பாக ஒரு வட்டம். ஐந்து வாரம் அப்படி. கடைசியில் நட்டத்துக்கு விற்றுவிட்டு வேறு பிராண்ட் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், புது பைக்கும் எங்கள் கோயில் வளைவில் பழையது மூச்சு வாங்கிய அதே இடத்தில்தான் மூச்சு வாங்கியது. ஆனால் அதற்கு சீல் போனபோது காலை ஒன்பது மணிக்குக் கடைக்காரர் ஆணியில் தொங்கிய சரத்திலிருந்து ஒன்றை உருவித் தந்தார், பத்து மணிக்கு நான் வேலையில். அந்த பைக்கோடுதான் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டினால் வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலத்தையும் ஓட்டினேன்.

அதனால் ஷோரூமுக்கு இப்போது போகாதீர்கள், அங்கே போனால் கலர்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை ஹட்டனில் இரண்டு மூன்று ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்குங்கள். நீங்கள் நினைக்கிற மொடலின் பெயரைச் சொல்லி கிளச் பிளேட், கேபிள், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ரொக்கெட் செட் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். "சொன்னா எடுத்துத் தரலாம்" என்ற பதிலை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ சாமான்கள் சின்ன டவுன்களிலும் கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் ஒரே கம்பெனியிலேயே ஊரெல்லாம் ஓடுகிற மொடலுக்குக் கிடைப்பது, பத்துப் பேர் வாங்கிய மொடலுக்குக் கிடைக்காது. மச்சான் இவ்வளவு பேசுகிறார் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பைக்கைக் கேட்டு வாங்கி, மனைவியை ஏற்றிக்கொண்டு அந்தக் கடைசி ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். ஏறினால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய பைக்கெல்லாம் புதுசின் விலைக்குப் போனது. நீங்கள் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். 2025இல் இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது, ஆகவே கொடுத்த காசு திரும்ப வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

குறையைச் சொல்லுங்கள். நம் டவுன்களில் வாங்குகிறவர் நாளைக்கே பஸ் ஸ்டாண்டில் எதிரே வருவார், போதாததற்கு நீங்கள் சேர் வேறு. கிளச் எப்போது மாற்றியது, எந்தச் சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள். கொழும்புப் பக்கம் ஓட்டுகிறவருக்கு இதே பைக் நன்றாகவே பொருந்தலாம்.

ஓபன் பேப்பரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பைக் நாலு கை மாறிய பிறகும் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், எங்காவது அடிபட்டால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் படிவங்களில் வாங்குகிறவருக்கு எம்டிஏ 6, விற்கிற உங்களுக்கு எம்டிஏ 8, இரண்டையும் நிரப்பி பெயர் மாற்றும் வேலையைக் கூடவே நின்று முடியுங்கள். புத்தகத்தில் முன்னைய ஆளின் லீசிங் கம்பெனி பெயர் இன்னும் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கிடந்தால் அதை எடுக்காமல் பெயர் மாறாது.

கேள்வி: நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். கியர் பைக் அலுத்துவிட்டது, ஸ்கூட்டருக்கு மாறலாம் என்று நினைக்கிறேன் அண்ணே. இறக்கத்துக்குச் சரியா?

பதில்: தங்கச்சி, ஏறும்போது சுகம்தான், இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். கியர் பைக்கை இரண்டாம் கியரில் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளச் தானாகவே விட்டுவிடும், பிறகு எல்லாப் பாரமும் பிரேக்கில். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும், நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பெரிய வாகனங்களுக்கே அந்தக் கதிதான். முன்னுக்கு டிஸ்க் உள்ளதாக எடுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடியுங்கள். கருகிய வாசம் வந்தால் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் ஓரமாக நிறுத்துங்கள்.

கேள்வி: பைக்கை வாங்க வந்தவர் ஹெல்மெட்டையும் ரெயின்கோட்டையும் சேர்த்துக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு தரமாவது பலமாக விழுந்து அடிபட்ட ஹெல்மெட் என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள். ரெயின்கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பைக் கைக்கு வரும்வரை பஸ் ஹோல்ட்டுக்கு நடந்துதானே போகவேண்டும்.