தண்டனையை நிறுத்திவைத்துவிட்டார்கள், வேட்புமனு போடலாமா?

கேள்வி: அடிதடி வழக்கில் என் அண்ணனுக்கு 2 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தந்திருக்கிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

பதில்: இப்போதைய நிலையில் முடியாது. அவரிடம் இருக்கும் ஆணை சிறைக்குப் போகாமல் காக்கும், அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8 பார்ப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

8(3) சொல்வது '2 ஆண்டுக்குக் குறையாத' சிறை. ஆக, சரியாக 2 ஆண்டு என்றாலும் தகுதி போய்விடும். ஒரு நாள் குறைந்திருந்தால் இந்த உட்பிரிவு பொருந்தாது. தீர்ப்பின் கடைசிப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள். பல குற்றங்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று விதித்து, ஏககாலத்தில் அனுபவிக்கச் சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக என்றிருந்தால், எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பிரபாகரன் எதிர் ஜெயராஜன் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் போன்றவற்றில் வெறும் அபராதமே 6 ஆண்டுத் தகுதியின்மைக்குப் போதும். வரதட்சணைத் தடைச் சட்டத்தில் 6 மாதத்துக்குக் குறையாத சிறை என்றாலே தகுதி போய்விடும்.

உங்கள் அண்ணனின் தகுதியின்மை தீர்ப்பு நாளன்றே தொடங்கிவிட்டது. தீர்ப்பு நிலைத்தால், தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் 6 ஆண்டு நீடிக்கும்.

வழி ஒன்று உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், குற்றத்தீர்ப்புக்கே தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 430, பழைய 389). இது ஜாமீன் போல எளிதில் கிடைக்காது. தடை இல்லாவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ன என்பதைத் தேர்தல் தேதிகளோடு மனுவில் எழுத வேண்டும். பொதுவாக 'நிவாரணம்' என்று கேட்டு வைத்தால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். 2023-இல் ராகுல் காந்திக்கு 2 ஆண்டுத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டும் எம்.பி. பதவி திரும்பவில்லை. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் குற்றத்தீர்ப்புக்குத் தடை விதித்த பிறகே, 7-ஆம் தேதி பதவி திரும்பியது.

வேட்புமனு பரிசீலனை நாளன்று தடையாணையின் சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும். அதன் பிறகு விடுதலையே ஆனாலும், அன்று இருந்த தகுதியின்மை மாறாது.

தடை கிடைத்தாலும், வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமான படிவம் 26-இல் தண்டனையையும் தடையாணையையும் எழுதியே தீர வேண்டும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் 'இல்லை' என்று எழுதுங்கள். மறைத்தால் அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 125அ-வின்படி 6 மாதம் வரை சிறை என்று இன்னொரு வழக்கு வரும்.

சட்டமன்றம் வேண்டாம், ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டமன்றத்துக்கான தகுதியின்மை, அரசியலமைப்பின் 243எஃப் பிரிவு வழியாக அங்கும் பொருந்தும்.